வேப்பமரத்தடியில் என் பைக்

ஆசிரியருக்கு,

களவு போன என் பைக் பதினோரு மாதம் கழித்துக் கிடைத்தது. பக்கத்து மாவட்டக் காவல் நிலையம் ஒன்றின் வேப்பமரத்தடியில், சீட் கிழிந்து நின்றது. அங்கே அது 'கேட்பாரற்ற வாகனம்'. இங்கே என் வழக்கு 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று முடிக்கப்பட்டிருந்தது. நம்பர் பிளேட் இல்லைதான். ஆனால் கைக்குட்டையால் ஒரு தேய்ப்புத் தேய்த்ததும் சேசிஸ் எண் பளிச்சென்று தெரிந்தது.

மும்பைத் தாக்குதலுக்குப் பின், 2009-இல், ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்ட சி.சி.டி.என்.எஸ். திட்டம் காவல் நிலையங்களை ஒரே வலையில் இணைக்கத்தான் வந்தது. ஐ.சி.ஜே.எஸ். என்ற அமைப்பு அதோடு நீதிமன்றம், சிறை, தடயவியல் தரவுகளையும் கோக்கிறது. எல்லாம் சரி, அந்த சேசிஸ் எண்ணை யாராவது உட்கார்ந்து தட்ட வேண்டாமா? ஸ்டேஷன் ரைட்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நோட்டில் எழுதியதையே மறுபடி கணினியில் ஏற்றுகிறார். பந்தோபஸ்து வந்தால் அதுவும் நின்றுவிடும்.

கேட்பாரற்ற வாகனம் வந்த அன்றே சேசிஸ், இன்ஜின் எண்களைப் பதிவேற்ற வேண்டும். மற்ற மாவட்ட வழக்குகளோடு ஒப்பிட்ட சான்று இல்லாமல் ஏலம் விடக் கூடாது. என் பைக்குக்கு அடுத்த மாதம் ஏலத் தேதி குறித்திருந்தார்கள்.

- ஒரு வாசகர், திருச்சி