பளியன்குடி வழியே

மங்கலதேவிக் கண்ணகி கோட்டத்துக்குத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலை வேண்டும் என்ற குரல் சித்திரைதோறும் எழுகிறது, வைகாசியில் அடங்கிவிடுகிறது. குரல் எழுப்புவோரில் பலர் சிலப்பதிகாரத்தின் மீது மெய்யான பற்றுடையவர்கள். என் நண்பர்களும் அவர்களுள் உண்டு. இருந்தும் என் கருத்து வேறு. சாலை வேண்டாம். பளியன்குடியிலிருந்து ஏறும் காட்டுவழியைச் செப்பமாக வைத்துக்கொண்டால் போதும். அவ்வழியே நடந்து போகிற ஒருநாளை எப்படித் திட்டமிடுவது என்று பேசத் தொடங்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். கூடலூரைத் தாண்டி, லோயர் கேம்ப்புக்கு அருகில் இருக்கும் பளியர் குடியிருப்பு பளியன்குடி. அங்கிருந்து கோட்டத்துக்கு ஏறத்தாழ 6.6 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. கோட்டம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 1300 மீட்டருக்கும் மேலே. பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய எல்லைப் பகுதி ஆதலால் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரை முழுநிலவன்று மட்டும் மக்களை அனுமதிக்கிறார்கள். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்புகள் போகின்றன. ஆகவே நடக்க இயலாத முதியோருக்கு வழியில்லை என்ற வாதம் நிற்காது. (கண்ணகி விண்ணேறிய இடம் இதுதானா என்ற வழக்கு தனி. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் காப்பியம் காட்டும் வழியை நடந்தே தேடி, 1960களில் இக்கோட்டத்தை அடையாளம் காட்டினார். கொடுங்கல்லூரைச் சொல்வோரும் உளர். நான் கோவிந்தராசனார் பக்கம். அவர் நடந்தார் என்பதும் அதற்கு ஒரு காரணம்.)

நம் இலக்கியத்தில் பயணத்திட்டம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது காடுகாண் காதை. மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளையும் அவற்றின் இடர்களையும் விரித்துரைக்கிறான். ஆனால் வழியைச் சொல்வதற்கு முன் அவன் சொல்வது பருவத்தை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகிக் கிடக்கும் கடுங்கோடையில், இப்பெண்ணையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டீரே என்கிறான். வகுப்பில் இப்பகுதியைத் திணைக்கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது ஓர் எச்சரிக்கை என்பது நம் கண்ணில் படுவதில்லை.

2018 மார்ச் 11 அன்று இதே மாவட்டத்தில், போடிக்கு மேலே குரங்கணி மலையில் நேர்ந்தது அந்த எச்சரிக்கையின் பொருள்தான். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர் கொழுக்குமலை சென்றுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தனர். இடுப்பளவு புல் காய்ந்து கிடந்த சரிவு. காற்று. தீ மேல்நோக்கி ஓடுவது மனிதர் ஓடுவதைவிட விரைவானது. 23 உயிர்கள் போயின, பெரும்பாலும் இளைஞர்கள். முதலில் ஓடிப்போய்க் கைகொடுத்தவர்கள் உள்ளூர் மக்கள். அதன்பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் வனத்துறை 40 தடங்களை அறிவித்து, வழிகாட்டிகளோடு முறைப்படி அழைத்துச் செல்லத் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் விதி அனுமதிச்சீட்டைத் தரும். பங்குனி சித்திரையில் குறிஞ்சி பாலையாகும் என்ற அறிவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கண்ணகி கோட்டத்து நாளும் அதே கோடையில்தான் வருகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்வரும் கூத்தர்க்கு மலைவழி சொல்கிறான். 583 அடிகளில் எவ்வளவு நுணுக்கம்! பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, விடிந்த பிறகு செல்லுங்கள். யானையை விரட்டும் தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்கள் வரும், மரங்களில் மறைந்து செல்லுங்கள். வழுக்கும் இடங்களில் பற்றிக்கொண்டு நடங்கள். இருட்டினால் நடக்காமல் குகையில் தங்குங்கள். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துப் போகச் சொல்கிறான். இதை வருணனை என்று மட்டும் படிப்பது நம் கல்வியின் குறை. போய்வந்தவன் போகிறவனுக்குச் சொல்லும் சொல் அது. ஸ்காட்லாந்தின் தனித்த குன்றுகளில் ஒருநாள் நடைக்குப் போகிறவர்களிடம், எவ்வழி போகிறோம், எப்போது திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகும்படி அறிவுறுத்துகிறார்கள். முடிந்து வைத்த புல்லின் இன்னொரு வடிவம்தானே அது.

ஆக, சித்திரை முழுநிலவுக்கு என் திட்டம் எளியது. முந்தைய இரவு கம்பத்திலோ கூடலூரிலோ தங்கி, விடியும்போது பளியன்குடியில் நிற்க வேண்டும். ஏற்றத்துக்கு மூன்று, நான்கு மணிநேரம் ஒதுக்க வேண்டும். பிற்பகலில் மேலே விடுவதை நிறுத்திவிடுவார்கள், மாலைக்குள் எல்லாரும் இறங்கியாக வேண்டும். எனவே புறப்படும் நேரத்தைவிடத் திரும்பும் நேரத்தையே முதலில் முடிவுசெய்ய வேண்டும். அந்த நேரம் வந்துவிட்டால் கோட்டம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். (இதைச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கண்ணகி மேடென்றும் பள்ளமென்றும் பாராமல், பகலிரவு அறியாமல் நடந்தாள் என்பார்கள். அவள் திரும்பி வருவதற்காக நடக்கவில்லை.) நெகிழிப் புட்டிகளை அனுமதிக்க மாட்டார்கள், எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர், ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும். குறுக்குவழி கூடாது. பீடி, சிகரெட் கூடாது. வழியில் கற்பூரம் ஏற்றுவதும் கூடாது, பக்தி எவ்வளவு இருந்தாலும். காய்ந்த புல்லுக்குப் பக்தி தெரியாது.

சாலை வந்தால் இவற்றில் ஒன்றும் தேவைப்படாது என்பதுதான் சாலை கேட்போரின் வாதமே. எனக்கு அதுதான் அச்சம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவியும் மலைமுகட்டுக்கு இன்னொரு வாகனவழி திறந்தால் காட்டுக்கு என்னாகும் என்பது ஒருபுறம். நடப்பவன் கொண்டுவரும் செய்தி நின்றுபோகும் என்பது மறுபுறம். கேட்க வேண்டியவை சிறியவை: வழி பிரியும் இடங்களில் தெளிவான பலகைகள், இடையில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீரும் முதலுதவியும், வழிகாட்டிகளாகப் பளியர் இளைஞர்களுக்குக் கௌரவமான கூலியோடு வேலை. ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஆகும் செலவில் இவை பல ஆண்டுகளுக்கு நடக்கும்.

அடுத்த சித்திரைக்கு மாணவர்கள் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பங்குனியிலேயே ஒருமுறை பளியன்குடிக்குப் போய், அங்குள்ள பெரியவர்களிடம் இந்த ஆண்டு புல் எப்படி, ஓடைகளில் நீர் உண்டா, யானை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கேட்டுவர வேண்டும். மலைபடுகடாத்தை அவர்களைக் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.