மாசத்துக்கு ஒரு கட்டம்

ஒரு சட்டையை முழுசாகத் தைக்கத் தெரியாத தையல்காரர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. கேலிக்குச் சொல்லவில்லை. தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் சந்துகளில் நடக்கும் ஜாப் ஒர்க் கூடங்களிலும், பஸ் பிடித்துப் போகிற ஏற்றுமதி கார்மென்ட்ஸ் கம்பெனிகளிலும் வேலையே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. ஒருத்தர் காலர் வைப்பார், ஒருத்தர் கை ஏற்றுவார், இன்னொருத்தர் பட்டன் பட்டி அடிப்பார். கூலி பீஸ் கணக்கு. வேகம் கூடினால்தான் கையில் காசு. காலர் வைக்கிறவரைக் கை ஏற்றச் சொன்னால் சூப்பர்வைசருக்கும் நஷ்டம், அவருக்கும் அந்த வாரக் கூலியில் துண்டு விழும். அதனால் யாரும் யாரையும் இடம் மாற்றுவதில்லை.

எங்கள் எதிர்வீட்டு அக்கா காலர். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும், தெருவில் போகிறவன் சட்டையில் அவர் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். வீட்டில் கால் மெஷின் இருக்கிறது. எங்கள் தெருவில் பல வீடுகளில் இருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மெஷின்களும் அவற்றில் உண்டு. ஆனால் அவற்றில் நடப்பது என்ன? புடவைக்கு ஃபால்ஸ், நைட்டிக்கு ஓரம், பள்ளிக்கூட பேன்ட்டில் கிழிசல். தெரிந்த வேலையே திரும்பத் திரும்ப.

இந்த வருஷம் நாங்கள் சிலர் சேர்ந்து வேறு ஒன்றில் இறங்கியிருக்கிறோம். மாசத்துக்கு ஒரு கட்டம். பிட் துணிகளை வெட்டி இணைத்து, பன்னிரண்டு அங்குலச் சதுரமாக ஒரு கட்டம் தைப்பது. பன்னிரண்டு மாசத்தில் பன்னிரண்டு கட்டம். வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை வைத்து இணைத்தால் ஒரு கெஜம் அகலத்தில், நாலடி நீளத்தில் ஒரு சின்னப் போர்வை. இப்படித் துண்டு இணைத்த போர்வையை, அதாவது குயில்ட், தைக்கிற அமெரிக்கப் பெண்களிடம் இது பழைய வழக்கம். ‘கன்சாஸ் சிட்டி ஸ்டார்’ என்ற நாளிதழ் 1928இலிருந்து 1961 வரை வாராவாரம் என்கிற கணக்கில் கட்ட மாதிரிகளை அச்சிட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். (பத்தி எழுதுகிறவளுக்குக் கொஞ்சம் பொறாமைதான். நான் எழுதியதை யாரும் கத்தரித்து வைத்ததாகத் தகவல் இல்லை. சுண்டல் மடித்ததைப் பார்த்திருக்கிறேன்.)

இதில் சூட்சுமம், ஒவ்வொரு கட்டமும் புதிதாக ஒரே ஒரு சிக்கலைக் கொண்டுவரவேண்டும் என்பது. ஜனவரியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம். பார்க்கக் குழந்தை வேலை. ஒவ்வொன்றையும் நாலரை அங்குலம் வெட்டவேண்டும். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போக நாலு அங்குலம் நிற்கும். கொத்தனாரும் ஆசாரியும் சொல்கிற கணக்கில் கால் அங்குலம் என்பது இரண்டு நூல். நம் ஊர் ரவிக்கைத் தையலுக்கு இந்தச் சிக்கனம் பழக்கமே இல்லை. உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று உள்ளே ஒரு அங்குலத் துணியை விடச் சொல்கிறவர்கள் நாம். குயில்ட்டில் அந்தத் தாராளம் செல்லாது. ஒரு தையலில் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து ஒரு நூல் போகும். கட்டத்தின் குறுக்கே தையல் இரண்டு, ஆக இரண்டு நூல். பன்னிரண்டரை வரவேண்டிய கட்டம் பன்னிரண்டே காலில் நிற்கும். பக்கத்துக் கட்டம் சரியாக வந்திருந்தால் இரண்டும் ஒட்டாது.

“இன்னாம்மா, ஒட்டுத்துணிக்கு இவ்ளோ கணக்கா?” என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளி, மெஷின் தகட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலைந்து மடிப்பாக ஒட்டிவிட்டார். துணியின் ஓரம் அந்தத் திண்டில் உரசிக்கொண்டே போனால் தையல் தானாக நேராகும். சரிபார்க்க ஒரு வழி உண்டு: ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்கவேண்டும். சரியாக ஒரு அங்குலம் இருந்தால் கை தேறியது. இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். இழுத்தால் சதுரம் சாய்ந்துவிடும்.

அடுத்தது முக்கோணம். சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் வெட்டிய ஓரம் இழுபடும். கிராஸ் கட் ஜாக்கெட் போட்ட யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. உடம்போடு ஒட்டுவதற்காகவே அங்கே துணியைக் குறுக்கில் வெட்டுகிறோம். அங்கே நமக்கு வேண்டியிருக்கிற அந்த இழுவைதான் இங்கே எதிரி. தீர்வு எளிது: வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடவேண்டும். இரண்டு நிறத்தில் நாலு அங்குலம் ஏழு நூல் அளவில் இரண்டு சதுரம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு. கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டு நூல் தள்ளித் தையல். பிறகு கோட்டின்மேல் வெட்டினால், இரண்டு நிறம் பாதிப் பாதியாக நிற்கும் இரண்டு சதுரம் கிடைக்கும். இதை முதலில் யோசித்தவள் யாரோ, அவளுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

துணிக்கு வருகிறேன். பிட் துணிக்கு எங்கள் வட்டாரத்தில் பெரிய போட்டி லேத் பட்டறைகள். வெட்டுக்கூடங்களில் மிஞ்சும் பருத்திப் பிட்டும் பனியன் வேஸ்ட்டும் எடைக்குப் போய் எண்ணெய் துடைக்கிற துணியாகிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகள், டிரெய்லர் லாரி ஷெட்டுகள் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மூட்டை கட்டுவதற்கு முன்னால் போய்ச் சொல்லி வைத்தால் நல்ல நிறமாகப் பொறுக்கிக்கொள்ளலாம். வெள்ளையை மட்டும் நான் எடுப்பதில்லை. சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்துக் கொடிகளில் காய்ந்த வேட்டி என்ன நிறத்தில் திரும்பியது என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் அது நின்றது. கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. கொடித்துணிக் கவலையும் கூடவே வடக்கே போனது. திருவொற்றியூரைத் தாண்டி இருக்கிறவர்கள் குயில்ட்டுக்கு நடுவில் வெள்ளைப் பட்டை வைக்க வேண்டாம் என்பது என் யோசனை.

கட்டம் போட்ட துணி கிடைத்தால் விடாதீர்கள். அது நம் சொந்தச் சரக்கு. ஜோசப் காலெட் 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னர். நெசவாளர்களைக் குடியேற்ற அவர் காலத்தில் உண்டாக்கிய ஊர்தான் திருவொற்றியூர் காலடிப்பேட்டை. அவர் பெயர்தான் வாயில் தேய்ந்து அப்படி ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. சென்னையிலிருந்து கப்பல் ஏறிய கெஜச் சதுரக் கட்டத்துணிக்கு ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்று பெயர். கைக்குட்டை என்றுதான் பெயரே தவிர, மேற்கு ஆப்பிரிக்காவில் அதை இடுப்பில் கட்டினார்கள். நைஜீரியாவின் கடலோரக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களின் வேலையைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கை ஊறியது. நம் கட்டத்துணியை வாங்கி, நெய்த இழைகளில் சிலவற்றை மட்டும் பிளேடால் அறுத்து உருவி எடுத்து, அதே துணியில் வேறொரு வடிவத்தை வரவழைக்கிறார்கள். நாம் துண்டுகளைச் சேர்த்துச் செய்வதை அவர்கள் இழைகளைக் கழித்துச் செய்கிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தத் துணி வேண்டும் அங்கே.

அமெரிக்காவுக்கு அது போன கதை வேறு. 1958இல் பம்பாயில் கேப்டன் கிருஷ்ணன் நாயர் (பின்னாளில் லீலா ஓட்டல்களைக் கட்டியவர்) நியூயார்க்கிலிருந்து வந்த வில்லியம் ஜேக்கப்சன் என்ற வியாபாரிக்கு மெட்ராஸ் துணியைக் கொடுத்தார். அது புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசவேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் கூடப் போகவில்லை. வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட, சாயம் இறங்கி மற்ற துணியெல்லாம் பாழ். வழக்கு வரைக்கும் போகப் பார்த்த விவகாரம், ஒரு பத்திரிகைப் பேட்டியில் தலைகீழாகப் புரண்டது: ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறுகிற அற்புதத் துணி என்றாகி, சாயம் போவதே விளம்பரமானது. அறுபதுகளில் வெவ்வேறு மெட்ராஸ் கட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய கோட்டும் கால்சட்டையும் அங்கே பணக்காரக் கல்லூரிப் பையன்களின் உடுப்பாகிவிட்டன. இங்கே ஒட்டுப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருந்தால் பெண் வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள்!

நாயரின் கதையிலிருந்து எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. கட்டத்துணியைத் தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துவிடுகிறோம். கோட்டுக்குக் கோடு சேர்க்கவேண்டுமா என்ற சண்டை மட்டும் தீரவில்லை. சட்டைப் பாக்கெட்டில் கோடு நகர்ந்தால் பீஸ் திரும்பி வரும் கம்பெனியில் வேலை பார்த்த அக்காவுக்கு, சேராத கோடு கண்ணில் தூசி. சேராமல் இருந்தால்தான் துள்ளும் என்பது என் கட்சி.

வளைவுக் கட்டம் வந்தபோதுதான் வேடிக்கை. கால்வட்டம் ஒன்று, அதற்குப் பொருந்தும்படி கால்வட்டக் குழி வெட்டிய துண்டு ஒன்று, இரண்டையும் சேர்க்கவேண்டும். ஒன்று வெளியே வளைகிறது, மற்றது உள்ளே. பலகையில் வைத்துப் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது என்று சத்தியம் செய்யலாம். இந்தக் கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் தள்ளாடிப் போகிற தடம் வரும். அமெரிக்கர்கள் வைத்த பெயர் ‘குடிகாரன் பாதை’. எங்கள் தெருமுனையில் சாயங்காலம் நின்றால் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். புத்தகங்கள் எல்லாம் இதைக் கடைசி மாசங்களுக்குத் தள்ளிவைக்கின்றன. குழிந்த ஓரத்தில் சிறுசிறு வெட்டுக் கொடு, நடுவைக் குறித்துக்கொள், பத்துக் குண்டூசி குத்து என்று பாடம் நடத்துகின்றன. நாங்கள் குத்தினோம். அக்கா ஒரு ஊசியும் குத்தவில்லை. குழிந்த துண்டை மேலே வைத்து, இடதுகை விரலால் அதைத் தள்ளித் தள்ளிக் கொடுத்து, பெடலை நிறுத்தாமல் ஒரே ஓட்டம். சுருக்கம் இல்லை. “கழுத்துக்கு காலர் வக்கிறது இதான? இன்னா பெரிய வித்த.” பீஸ் கணக்கு அவர் கையில் அந்த ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தது, விட்டதை முழுசாக விட்டிருந்தது. முக்கோண மாசத்தில் அவர் எங்களைவிடத் தடுமாறினார் என்பதையும் சொல்லவேண்டும்.

கூலித் தையலும் சொந்தத் தையலும் ஒரே கையில் நடந்த இன்னொரு இடம் உண்டு: அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊர். அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவரின் வாரிசுகள் வாழும் ஊர். அந்த வட்டாரத்துப் பெண்கள் 1966இல் ஒரு தையல் கூட்டுறவு தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் என்ற பெரிய நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலையைக் கொடுத்தது. ஒரே அளவு, ஒரே தையல். நம் ஜாப் ஒர்க் மாதிரியேதான். மிஞ்சிய கார்டுராய் பிட்டுகள் வீட்டுக்குப் போயின. அவற்றில் அந்தப் பெண்கள் தங்கள் இஷ்டத்துக்குத் தைத்த குயில்ட்டுகள், கோடு கோணினாலும் யாரும் திருப்பி அனுப்பமுடியாத குயில்ட்டுகள், 2002இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்கத் தபால்தலையிலும் ஏறின. அந்தத் தலையணை உறைகள் யாருக்கு ஞாபகம்? அருங்காட்சியகம் வந்ததால்தான் அந்த வேலைக்கு மதிப்பு என்று நான் சொல்லவரவில்லை. கூலிக்குத் தைத்த அதே கை, அதே துணி. சொந்த வேலையில் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை முடிவு செய்யவேண்டியிருந்தது.

நம் ஊரில் துண்டுத்துணி வேலைக்குப் பஞ்சமில்லை. தேரில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். வெட்டி, ஒட்டி, தைத்த துணிதான். தஞ்சாவூர்ப் பக்கம் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சாமிக்கு என்றால் அலங்காரம், மனிதருக்கு என்றால் தரித்திரம் என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

கடைசியாக, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் என்ன வைப்பது என்ற கேள்வி. மேல்நாட்டுப் பஞ்சு அட்டையைச் சென்னை வெயிலில் நினைத்தாலே வேர்க்கிறது. வங்காளத்துக் காந்தா மாதிரி, நைந்த பருத்திப் புடவையை இரண்டு மடிப்பாக வைத்தால் போதும். ஓட்டுத்தையலில் மூன்று அடுக்கையும் கையாலேயே பிடித்துவிடலாம். மார்கழிக் கடல்காற்றுக்கும், ஏ.சி. பெட்டியில் ஊருக்குப் போவதற்கும் அது தாங்கும்.

கட்டங்களைப் பார்த்த ஒருவர் விலைக்குக் கேட்டார். அக்கா விரல்விட்டுக் கணக்குப் போட்டார்: ஒரு கட்டத்துக்கு எத்தனை துண்டு, துண்டுக்குப் பழைய கம்பெனி ரேட் என்ன, பன்னிரண்டு கட்டத்துக்கு எவ்வளவு, கைத்தையலுக்குத் தனி. தொகையைச் சொன்னதும் கேட்டவர் செருப்பைத் தேடினார். “பீஸ் ரேட்டே இவ்ளோ வருது” என்றார் அக்கா, “இன்னும் நான் யோசிச்சதுக்குக் கூலி போடல.”