சந்தைவெளியில் நிற்கத் தயங்குவதேன்?



திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையை மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் நாம் வாசித்திருக்கின்றோம். விடியற்காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே தெனாரியத்தை வழங்கிய நிலக்கிழாரின் தாராள மனத்தைப் பற்றியே மறையுரைகளில் பெரிதும் கேட்கின்றோம். அது முறையே. ஆயினும் வேலை தேடும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் அவ்வுவமையின் இன்னொரு பகுதியும் நோக்கப்பட வேண்டும். மாலை ஐந்து மணிக்கும் அம்மனிதர் சந்தைவெளியிலேயே நின்றனர். பகல் முழுவதும் தம்மை எவரும் அழைக்கவில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. கேட்டவரிடம் உள்ளதை உள்ளபடியே கூறினர். வேலை கொடுப்பவர் வரும் இடத்தில், அவர் கண்ணிற்படும்படி நின்றமையாலேயே கடைசி ஒரு மணி நேர வேலையாவது அவர்களுக்குக் கிட்டியது.

நம்மவர் இல்லங்களில் நிகழ்வது யாது? படித்துப் பட்டம் பெற்ற மகனுக்கு ஈராண்டுகளாகத் தொழில் இல்லை என்பதை அயலார் அறியக்கூடாது. கேட்டால், கொழும்பில் ஏதோ கற்கைநெறி பயில்வதாகத் தாய் கூறுவார். மகளுக்குத் திருமணப் பேச்சு நடைபெறும் வீடாயின் இம்மறைப்பு இன்னும் இறுகும். அப்பிள்ளையோ ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எவர் முகத்தையும் பாராமல் வீடு திரும்புகின்றது. வர்த்தமானி அறிவித்தலைப் பார்ப்பதும், விண்ணப்பத்தைத் தபாலிற் சேர்ப்பதும், பின்னர் காத்திருப்பதுமே வேலை தேடுதல் என்றாகிவிட்டது.

காத்திருப்பதற்கும் வரலாறு உண்டு. 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்ததைக் கண்டோம். 2020இல் பட்டதாரிப் பயிலுநர்கள் பல்லாயிரக்கணக்கில் அரச சேவையில் இணைக்கப்பட்டனர். 2022இன் பொருளாதார நெருக்கடியோடு அக்கதவு பெரிதும் ஒடுங்கியது. உரிமை கேட்பது நியாயமே. ஆனால் ஒரு கதவை மட்டுமே நோக்கியிருந்து இளமையின் ஐந்தாறு ஆண்டுகளைக் கழிப்பதை எந்தப் பெற்றோரும் ஊக்குவித்தல் ஆகாது.

மார்க் கிரனோவெற்றர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் பொஸ்ரன் நகரை அடுத்த நியூற்றன் என்னும் இடத்தில், புதிய தொழில் பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 1973இலும் 1974இலும் அதன் முடிவுகளை வெளியிட்டார். அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றோரில், அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் அதனைப் பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர் வரையிலேயே. எஞ்சியோர் எப்போதாவது சந்திக்கும், அல்லது அரிதாகவே காணும் ஒருவரிடமிருந்தே அச்செய்தியை அறிந்திருந்தனர். காரணம் எளிது. நம் நெருங்கிய உறவினர் அறிந்ததை நாமும் ஏற்கனவே அறிந்திருப்போம். தூரத்து அறிமுகமே நாம் அறியாத இடத்துச் செய்தியைக் கொண்டு வருகின்றது. பழைய வகுப்புத் தோழர், ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னர் பயிற்சி பெற்ற நிறுவனத்தின் கணக்காளர், ஊர்க் கடை முதலாளி: இவர்களிடமிருந்துதான் நம் வெட்கம் நம்மை மறைத்து வைக்கின்றது!

இது செல்வாக்குத் தேடுவதாகாதா எனச் சிலர் வினவக்கூடும். ஆகாது. தகுதியுள்ள இன்னொருவரைத் தள்ளிவிட்டுத் தனக்கு இடம் தரும்படி அரசியல்வாதியின் வாசலில் நிற்பது ஒன்று. எங்கே ஆள் தேவைப்படுகின்றது என்று தெரிந்தவரைக் கேட்பது வேறொன்று. கொரிந்து நகரை அடைந்த புனித பவுல், உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்திருந்த அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியினரைத் தேடிச் சென்று, அவர்களும் கூடாரத் தொழிலாளர் ஆகையால் அங்கேயே தங்கி வேலை செய்தார். அந்நிய நகரில் தன் தொழிலாளரை நாடிச் சென்றதில் அவருக்கு இழிவேதும் தோன்றவில்லை.

கேட்கும் முறையும் முக்கியம். “எந்த வேலையென்றாலும் பரவாயில்லை” என்று கூறுபவரை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எதனைச் செய்யத் தெரியும், எங்கே செய்தேன் என்பதை இரண்டு வாக்கியங்களில் கூறப் பழக வேண்டும். சான்றிதழின்றி ஆண்டுக்கணக்காக மேசன் வேலையோ மின்னிணைப்பு வேலையோ செய்தவர்கள், தொழிற்பயிற்சி அதிகாரசபையை அணுகினால், முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வீ.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. இதனை அறியாத குடும்பங்கள் இன்னும் பல.

மறைத்துத் தேடுவதில் பெரும் ஆபத்தும் உண்டு. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்திற்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றனர். அதனையடுத்த ஆண்டுகளில், கணினி வேலை என நம்பித் தாய்லாந்து வழியாகச் சென்று மியன்மாரின் இணைய மோசடி முகாம்களுக்குள் அடைபட்ட இலங்கையரையும், வேறு வேலை என நம்பி ரஷ்யப் போர்முனையிற் தள்ளப்பட்டோரையும் அறிவோம். போலி முகவர் முதலிற் கேட்பது இரகசியம், பணம் பின்னரே. பயணம் உறுதியாகும் வரை எவருக்கும் சொல்ல வேண்டாம் என்பார். ஏற்கனவே வெட்கத்தால் வாய் மூடியிருக்கும் குடும்பத்திற்கு அது இலகுவாகவே இருக்கும். காணியை ஈடு வைத்த பின்னர் விசாரிப்பதில் என்ன பயன்? முகவருக்கு உரிமப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் இலக்கத்திலோ பிரதேச செயலகத்திலோ வினவலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவதாகக் கூறினால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இறுதியாக நற்சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. பங்குப் பணிமனைக்கு வருவோரில் பலர், நல்லொழுக்கமுள்ளவர் என்று இரண்டு வரி எழுதி முத்திரை இட்டால் போதும் என்று வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். அத்தகைய கடிதத்தை எந்த முகாமையாளரும் வாசிப்பதில்லை. உள்ளே வந்து அமருங்கள். இளையோர் ஒன்றியத்தின் கணக்கைப் பார்த்தீர்களா, மறைக்கல்வி கற்பித்தீர்களா, திருவிழாவுக்கு ஒலி ஒளி அமைத்தீர்களா, எவ்வேலைக்கு விண்ணப்பிக்கின்றீர்கள் என்பதையெல்லாம் உங்கள் பங்குத்தந்தையிடம் கூறுங்கள். அவர் எழுதுவதற்கு அப்போதுதான் ஏதேனும் இருக்கும். அடுத்த ஞாயிறு வேறொரு வணிகர் அவரிடம் ஆள் தேடி வரும்போது உங்கள் பெயரும் அவர் நினைவில் இருக்கும்.