இயங்கும் கணினிக்கு இறுதி நாள் குறிப்பது யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

மனிதன் செய்த கருவிகளுள் கணினியைப் போல் விரைவில் முதுமை எய்தும் கருவி வேறொன்றில்லை. பாட்டி வாங்கிய அம்மியில் பேத்தியும் அரைக்கிறாள். தாத்தா காலத்துத் தையற்பொறி இன்றும் தைக்கிறது. எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மிதிவண்டி ஒன்று நாள்தோறும் பால் கேன் சுமக்கிறது. கணினியோ, விசைப்பலகையில் ஓர் எழுத்தும் தேயாதிருக்கும்போதே ‘பழையது’ என்னும் தீர்ப்பைப் பெற்றுவிடுகிறது. அதன் உடலில் பழுது உண்டா என்றால் இல்லை. அதனுள் குடியிருக்கும் இயக்க அமைப்புக்கு ஆயுள் முடிந்தது என்று எங்கோ ஓரிடத்தில் அறிவித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த அறிவிப்பின் சுமையை யார் சுமக்கிறார்கள்? இதுவே நான் இங்கு எழுப்ப விரும்பும் வினா. தமிழும் வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்களுக்காக ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். கணினியின் வன்பொருளைப் பேருந்து என்று கொண்டால், இயக்க அமைப்பு அதன் ஓட்டுநர். ஓட்டுநர் இல்லாமல் பேருந்து நகராது. விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகைய ஓட்டுநர்கள். பழைய ஓட்டுநரை ஓய்வுபெறச் செய்து புதியவரை அமர்த்துவதையே புதுப்பித்தல் என்கிறோம். கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நாள் குறித்த கதை

விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது. 2014 ஏப்ரல் 8-இல் அதற்கான ஆதரவு நின்றது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 இறுதி நாள். விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இந்நாள்களுக்குப் பின் கணினி நின்றுவிடுவதில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். பூட்டு பழுதானால் செப்பனிட ஆள் வரமாட்டார் என்று பொருள்.

அப்படியானால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் தடை. 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, இவற்றோடு அனுமதிக்கப்பட்ட நுண்செயலிகளின் பட்டியலில் இடம் ஆகியவை வேண்டும். இன்டெல் நுண்செயலியானால், சில விலக்குகள் நீங்கலாக, 2017-இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். அதற்கு முந்திய கணினிகள் நன்றாக இயங்கினாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு ஓராண்டு நீட்டிப்பு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்றும் அறிவித்தார்கள். அதைப் பெறுவதற்கு உரிய முறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ய வேண்டும் என்ற செய்தி எத்தனை வீடுகளுக்கு எட்டியது என்பது வேறு கதை.

ஒரு வீட்டின் நிலை

தமிழக அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனாகத்தான் என்னைப் போன்றோர் வீடுகளுக்குள் கணினி என்ற பொருள் முதன்முதலாக நுழைந்தது என்பதை நன்றியோடு நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அது 2016-இல் வந்தது. அக்கா பிளஸ் டூ படித்தபோது பெற்றது. அக்காவுக்குக் கல்லூரி வாய்க்கவில்லை. ஆனால் கணினி காத்திருந்தது. எட்டாண்டுகளுக்குப் பின், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாகிய எனக்கு அது கை மாறியது.

முதல் பருவத்திலேயே சிக்கல் தொடங்கியது. அதில் இருந்தது விண்டோஸ் 8.1. அதற்குப் புதிய உலாவி கிடையாது. கூகுள் குரோம் 2023 தொடக்கத்திலேயே விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றுக்குப் புதிய பதிப்புத் தருவதை நிறுத்திவிட்டது. ஆகவே பாடம் தொடர்பான சில இணையப் பக்கங்கள் திறக்க மறுத்தன. விண்டோஸ் 10-க்கு மாறுவது என்று முடிவு செய்தோம்.

பதிவிறக்க வேண்டியது ஏறக்குறைய 5 ஜி.பி. எங்கள் வீட்டில் இணைய இணைப்பு என்பது அப்பாவின் கைப்பேசிதான். நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜி.பி.; அதைத் தாண்டினால் வேகம் நின்றதற்குச் சமம். நான்கு நாள் பங்கை முழுதும் செலவிட வேண்டும். அதற்குள் ஒரு பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் இரவில் நம் ஊரில் கைப்பேசி இணையம் என்ன பாடு படும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர முயன்றபோது மின்சாரம் போயிற்று. பழைய மின்கலம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பதிவிறக்கம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.

வேறு வழியின்றி ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு சென்றோம். கூலி எழுநூறு ரூபாய். சித்தாள் வேலைக்குப் போகும் என் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். “உள்ளே இருக்கும் படங்களை எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்” என்று சொல்லியே கொடுத்தோம். திரும்பி வந்தபோது அக்காவின் திருமணப் படங்களும் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த செய்முறைக் குறிப்புகளும் இல்லை. “எல்லாம் அழிஞ்சுபோச்சும்மா” என்பதே விடை. வந்த விண்டோஸும் உரிமம் பெற்றதன்று; திரையின் மூலையில் எச்சரிக்கை வரி ஒன்று நிலையாக நின்றது. இத்தனைக்கும் பின்னர், ஓராண்டு ஓடுவதற்குள் விண்டோஸ் 10-க்கும் இறுதி நாள் வந்துவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதுதான்.

இதை என் தனிப்பட்ட குறையாகச் சொல்லவில்லை. நம் வகுப்புகளில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீடுகளில் இதே கதை வேறு வேறு பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது.

தமிழுக்கு நேரும் இடர்

புதுப்பித்தலால் தமிழுக்கும் ஒரு தனித் தொல்லை உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். அவற்றில் தமிழ் எழுத்து திரையில் தெரியுமே தவிர, உள்ளே கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளின் எண்களையே. கணினி மாறி அந்த எழுத்துரு இல்லாது போனால், அழகிய தமிழ்க் கட்டுரை ஆங்கில எழுத்துகளின் குப்பையாகக் காட்சி தரும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. எனினும் அச்சகங்கள் பலவற்றில் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களுமே இன்றும் ஆட்சி செய்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதை விட மனமின்றி, அதற்காகவே பழைய விண்டோஸைக் கட்டிக் காத்து வருகிறார்கள்.

ஆய்வகங்களும் இதற்கு விலக்கல்ல. பல பத்தாண்டுகளுக்கு முன் வந்த டர்போ சி மென்பொருளைக் கொண்டே பல கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்றுத் தருகிறார்கள். 64-பிட் விண்டோஸில் அது நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்னும் மற்றொரு மென்பொருளை நிறுவி, அதற்குள் அதை ஓட்ட வேண்டும். வீட்டுக் கணினியைப் புதுப்பித்தால் பாடம் ஓடாது. புதுப்பிக்காவிட்டால் இணையம் ஓடாது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி.

புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா?

கூடாது என்றே சொல்வேன். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அதை இட்டுக்கொள்ளாத கணினிகளே வீழ்ந்தன. ஆதலால் புதுப்பித்தலை வீண் வேலை என்று தள்ளுவதற்கில்லை. உரிமமற்ற படியும் தீர்வாகாது. யாரோ பூட்டை உடைத்துத் தந்த மென்பொருளுக்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

என் வருத்தம் வேறு. 2017 பிப்ரவரி 6-இல் அண்ணாமலையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததை நாம் பார்த்தோம். கோபுரத்துக்கு வண்ணம் பூசினார்கள்; செடி முளைத்த இடங்களைச் செப்பனிட்டார்கள். பதினொரு நிலை இராஜகோபுரத்தை இடித்துவிட்டு வேறு கட்டவில்லை. புதுப்பித்தல் என்ற சொல்லுக்கு நாம் அறிந்த பொருள் அது. கணினி உலகில் மட்டும் அச்சொல், இருப்பதைத் தூக்கி எறி என்ற பொருளைப் பெற்றுவிட்டது. எறியப்படும் கணினி மின்குப்பையாகிறது. எறிய முடியாத ஏழையோ பாதுகாப்பற்ற கணினியோடு வாழ்கிறான்.

கையருகே இருந்த வழி

மாற்று வழி நமக்குத் தெரியாததன்று. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கியதுதான் லினக்ஸ். விலை இல்லை, பழைய கணினிக்கென்றே எடை குறைந்த பதிப்புகள் உண்டு. தமிழ்நாட்டிலேயே 2007 வாக்கில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2014-இல் எக்ஸ்பியின் ஆயுள் முடிந்தபோது, தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸ் நிறுவுமாறு அறிவுறுத்தியது. விலையில்லா மடிக்கணினிகளுள் பல விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சுமந்தே வந்தன. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு பற்றிய பாடம் இருக்கிறது. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே பயிற்றுமொழி போல நிலைபெற்றுவிட்டது.

பிறகு ஏன் நம் வீடுகளில் அது வேர் கொள்ளவில்லை? கணினியைத் திறக்கும்போது இரண்டு பெயர்கள் தெரியும். இரண்டாவது பெயரை அமுக்கினால் என்னவாகும் என்று சொல்லித் தர ஆள் இல்லை. பழக்கப்பட்ட மென்பொருள் கிடைக்காது, அச்சுப்பொறி வேலை செய்யாது என்ற அச்சம் வேறு. அந்த அச்சத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. பொருளைக் கொடுத்தோம், அதைப் பேணும் அறிவைக் கொடுக்கத் தவறினோம். கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அதுவே வேறுபாடு.

ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேரை ஒரு குடும்பம் இழுப்பதில்லை. கணினியைப் புதுப்பிக்கும் பொறுப்பை மட்டும் ஏன் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் தனித்தனியே ஏற்றுகிறோம்? ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பருவத்துக்கு ஒரு முறை நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் புதுப்பிப்பு முகாம் நடத்த வேண்டும். ஐந்து ஜி.பி.யை ஒரு முறை இறக்கினால் போதும்; பென் டிரைவில் ஏற்றி ஐம்பது கணினிகளுக்கு இடலாம். ஐம்பது வீடுகள் நான்கு நாள் இணையத்தை இழக்க வேண்டியதில்லை. கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்த பிறகே கை வைப்பது என்பது முகாமின் முதல் விதியாக இருக்கட்டும்.

இரண்டாவது, பேராசிரியப் பெருமக்கள் ஒப்படைவுகளை யூனிகோடு தமிழிலும், எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவத்திலும் ஏற்க வேண்டும். நிரலாக்கச் செய்முறைக்கு ஜி.சி.சி. போன்ற இலவசத் தொகுப்பிகளை அனுமதித்தால் டர்போ சி என்ற தளை அறும்.

மூன்றாவது வேண்டுகோள் அரசுக்கு. 2025 மார்ச்சில் வெளியிட்ட நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். மகிழ்ச்சி. அந்தக் கணினிகளுக்கும் ஒரு நாள் இறுதி நாள் வரும். எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் வரும், அதன்பின் எதற்கு மாறுவது, யாரிடம் கேட்பது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைக்க வேண்டும். பொதுப் பணத்தில் கொடுத்த கருவியைப் பொதுப் பொறுப்பில் பேணுவதே முறை.

இவற்றுள் முதல் வேண்டுகோளுக்கு அரசாணையும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். முதல்வர் அவர்களின் இசைவும் ஒரு சனிக்கிழமையும் போதும். கணினி அறிவியல் துறை நண்பர்கள் வழிகாட்டினால், எங்கள் துறையிலிருந்து நாங்கள் ஏழு பேர் அன்று முழுவதும் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறோம். வரும் கல்வியாண்டின் முதல் பருவத்திலேயே முதல் முகாம் நடக்கட்டும். உங்கள் வீட்டில் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும் அந்த மடிக்கணினியைத் துடைத்து எடுத்து வாருங்கள்.