கெரட்டின்: ஒருமுறை செலவு இல்லீங்க, சந்தா!

தி.நகர் பார்லர்ல கெரட்டினுக்கு 6,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 4 மாசத்துல அது போயிடும், மறுபடி போகணும். ஆக வருஷத்துக்கு 18,000. மாசம் 1,500. ஒரு எஸ்ஐபி போடுற காசு!

முடி பரட்டையாகுறதுக்கு முக்கியக் காரணம் ஈரக்காத்து. வறண்ட முடி அதை உறிஞ்சி உப்பிக்கும். மயிலாப்பூர், அடையாறு பக்கம் கடல் காத்து வேற. அதனால தலைக்குக் குளிக்கிறதுக்கு முன்னாடியே தேங்காய் எண்ணெய் தடவுங்க. முடியோட புரதம் வெளியேறுறதை அது குறைக்குதுன்னு 2003-ல ஆய்வே வந்திருக்கு. (செஞ்சது பாராசூட் எண்ணெய் விக்கிற மாரிகோ ஆளுங்கதான்!) அப்புறம் ஒரு கண்டிஷனர் சாஷே. துண்டால தேய்க்காம, பழைய காட்டன் டி-ஷர்ட்டால ஒத்தி எடுங்க.

கல்யாணத்துக்கு ஒரு தடவை கெரட்டின் பண்ணிக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா 6 மாச இஎம்ஐ-ல மட்டும் வேண்டாம். தவணை முடியிறதுக்குள்ள முடி பழையபடி ஆயிடும்.