ஒரே முகம், இரண்டு வீடு

‘ஆளவந்தான்’ என்றதும் கமலின் மொட்டைத் தலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 2001இல் வந்த படம். 2023இல் நீளத்தைக் குறைத்து மறுபடி திரையிட்டார்கள். கொலைகளைப் பார்த்து நான் பயப்படவில்லை. வயிற்றைப் பிசைந்தது, சித்தி வந்த பிறகு அந்த வீட்டில் நடப்பவைதான். இரட்டையரில் வேறு வீட்டில் வளர்ந்த விஜய் கமாண்டோ ஆகிறான். சித்தியிடமே மாட்டிக்கொண்ட நந்துவுக்கு மனநல மருத்துவமனை. இருவருக்கும் ஒரே முகம்!

ஆனால், ஆத்திரம் முழுவதையும் சித்தி மீது கொட்டும் கதை, அதே வீட்டில் இருந்த அப்பாவை அவ்வளவாகக் கேள்வி கேட்பதில்லை. (நம் சினிமாவுக்குச் சித்தி என்றாலே இளக்காரம்தான்.) அடிபட்ட பிள்ளை கொலைகாரனாகத்தான் வளர்வான் என்ற கணக்கையும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி வளராதவர்கள்தானே அதிகம்? நடிப்புக்காகத் தாராளமாகப் பார்க்கலாம், பிள்ளைகள் தூங்கிய பிறகு.