சொல்லக் கூசும் சிக்கல்

(மூன்றாம் ஆண்டு மாணவி, இளங்கலை விலங்கியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் தோழியர் சிலர் தலைப்பைக் கேட்டனர். சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "பெண் கல்வி, பாரதியின் புதுமை, விண்வெளி என்று எவ்வளவோ இருக்க, போயும் போயும் மலச்சிக்கலைப் பற்றியா எழுதுவாய்?" என்று முகம் சுளித்தாள். அந்தச் சிரிப்பும் சுளிப்புமே இக்கட்டுரை பிறக்கக் காரணம் என்றால் அது மிகையாகாது.

என் தந்தையார் சிதம்பரத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவர். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பார். வயது ஐம்பத்திரண்டு. ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எங்கள் தெருவைச் சுற்றி வந்தாலே அந்தக் கணக்கு மெய் என்று தெரிந்துவிடும்.

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை சில ஆண்டுகளாகத் தமிழகத்தில் 'பேலியோ' என்ற பெயரில் பரவியிருப்பதை நண்பர்கள் அறிவீர்கள். நியாண்டர் செல்வன் அதைப் பற்றித் தமிழில் நூலே எழுதியிருக்கிறார். நானோ நூலைப் படிக்கவில்லை. கைப்பேசியில் வந்த துண்டுச் செய்திகளைப் படித்துவிட்டு, "அரிசியை நிறுத்துங்கள் அப்பா, சர்க்கரை தானாக இறங்கும்" என்று வீட்டில் முழங்கினேன். விலங்கியல் படிக்கும் மகள் சொன்னால் தந்தை மறுப்பாரா? சோறு நின்றது, இட்லி நின்றது. காலையில் மூன்று முட்டை, நண்பகலில் பரங்கிப்பேட்டை மீன், இரவில் பனீர் என்று ஆயிற்று.

சர்க்கரை இறங்கியது உண்மை. ஆறு வாரங்களில் எடையும் நான்கு கிலோ குறைந்தது. கண்டவரிடமெல்லாம் நான் பெருமை பேசினேன். ஆனால் விடியற்காலையில் கழிவறைக்குள் நுழைந்த தந்தை அரைமணி நேரமாகியும் வெளியே வராததை நான் கவனிக்கவில்லை.

ஒருநாள் சலவைக்குப் போட்ட அவருடைய சட்டைப் பையில் பேதி மாத்திரையின் காலி அட்டைகள் மூன்று இருந்தன. "என்னப்பா இது?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, உடம்புச் சூடு" என்றார். அன்று இரவு அம்மா வற்புறுத்திக் கேட்ட பிறகே உண்மை வெளிவந்தது. இருபது நாட்களாக மலத்துடன் இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது! என் பெரியப்பா குடல் புற்றுநோயில் இறந்தவர். தமக்கும் அதுவே வந்துவிட்டது என்று தந்தை முடிவு கட்டி, என் இறுதித் தேர்வு முடியும்வரை சொல்லக்கூடாது என்று அடக்கி வைத்திருந்திருக்கிறார். பெருங்குடலின் பணி யாது என்ற வினாவுக்கு வகுப்புத் தேர்வில் நான் முழு மதிப்பெண் பெற்ற வாரம் அது. வீட்டிலேயே ஒரு பெருங்குடல் பட்ட பாடு எனக்குத் தெரியாமல் போயிற்று!

மறுநாளே மருத்துவரிடம் சென்றோம். சோதித்துப் பார்த்தவர், கெட்டியான மலத்தால் ஆசனவாயில் ஏற்பட்ட வெடிப்பு என்றார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குடும்பத்தில் புற்றுநோய் இருந்ததைக் கேட்டறிந்து, குடலை உள்நோக்கிப் பார்க்கும் சோதனையையும் செய்யச் சொன்னார். அதிலும் குற்றமில்லை. பிறகு என்னைப் பார்த்து, "சோற்றை நிறுத்தினீர்கள், சரி. சோற்றோடு சேர்த்து வேறு எதையெல்லாம் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் அறியாமை முழுவதும் வெளிப்பட்டுவிட்டது.

சோறு போனால் என்னென்ன போகும்?

எண்ணிப் பாருங்கள். தீட்டிய அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவே. ஆகவே அரிசியை நிறுத்தியதால் மட்டும் குடல் வறண்டுவிடவில்லை. ஆனால் நம் இலையில் சோறு தனியாக வருவதில்லை. சாம்பாரும், கூட்டும், பொரியலும், கீரை மசியலும் அதன் சுற்றம். தலைவன் வெளியேறினால் சுற்றமும் வெளியேறுகிறது. அந்த இடத்தில் முட்டையும் மீனும் பனீரும் வந்து அமர்கின்றன. புரதம் நிறைந்த இவற்றில் நார்ச்சத்து என்பது அறவே இல்லை. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் அறிவுறுத்தியது. எங்கள் வீட்டில் அதில் கால் பங்காவது இருந்திருக்குமா என்பது ஐயமே.

இரண்டாவது காரணம் நீர். நம் உடல் மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைக்கும். மாவுச்சத்து நின்றதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. பிடித்திருந்த நீரும் போகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகங்கள் உப்பையும் அதனுடன் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகின்றன. முதல் வாரத்தில் எடை மளமளவென்று குறைவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். உடல் நீருக்குத் தவிக்கும்போது பெருங்குடல் தன்னிடம் வந்த கழிவிலிருந்து கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக்கொள்கிறது. விளைவு, கல்லைப் போன்ற மலம்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. லண்டன் நகரில் இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங் என்பவர், மாவும் சர்க்கரையும் குறைத்துத் தம் பருமனைக் குறைத்த கதையை 1863-இலேயே சிறு நூலாக வெளியிட்டார். 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரசல் வைல்டர், காக்காய் வலிப்புக்கு மருந்தாக, மாவுச்சத்தை மிகக் குறைத்த உணவை முன்மொழிந்தார். இன்றும் சில குழந்தைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் அவ்வுணவு தரப்படுகிறது. அதில் அடிக்கடி காணப்படும் தொல்லைகளுள் மலச்சிக்கல் ஒன்று என்பதால் தொடக்கத்திலேயே அதற்கும் வழி செய்துவிடுகிறார்கள். மருத்துவர் கையில் இரண்டு பக்கமும் தெரிந்த நாணயம், கைப்பேசிச் செய்தியாக வரும்போது ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. நான் செய்த பிழையும் அதுவே.

நம் மண்ணின் இரு பெரியோர்

இந்த மாவட்டத்தில் பிறந்துவிட்டு வயிற்று நோயைப் பேச நாம் கூசுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் தருமசேனராக விளங்கிய நாவுக்கரசர், சூலை நோயால் துடித்தபோது திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாருக்குச் சொல்லியனுப்பினார் என்றும், பிறகு இரவோடு இரவாக அவரிடமே சென்று சேர்ந்தார் என்றும் பெரிய புராணம் கூறுகிறது. அக்கதையின் சமயச் செய்தி ஒருபுறம் இருக்கட்டும். வயிற்றில் வலி என்றால் உடன்பிறந்தாளிடம் சொல்ல வேண்டும் என்னும் எளிய பாடமும் அதில் இருக்கிறதல்லவா?

சிதம்பரத்துக்கு அருகில் மருதூரில் 1823-இல் பிறந்து, 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கிப் பசித்தவர்க்குச் சோறிட்ட வள்ளலார், காலையில் எழுந்தது முதல் மனிதன் கடைப்பிடிக்க வேண்டிய அன்றாட ஒழுக்கங்களையும் எழுதிவைத்தார். தியானத்தைப் பற்றி எழுதிய அதே கையால் மலசலம் கழிப்பதைப் பற்றியும் அவர் எழுதினார். அவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

வெட்கத்தின் விலை

வெட்கம் என் தந்தையாரோடு முடிவதில்லை. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நாள்தோறும் பேருந்தில் வரும் என் போன்ற மாணவியரைக் கேளுங்கள். முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலைக்கடன் தள்ளிப்போகிறது. வழியில் தூய கழிவறை கிடைக்காதே என்று அஞ்சித் தண்ணீர்ப் புட்டியைத் திறப்பதே இல்லை. வந்த உணர்வை அடக்குகிறோம். அடக்க அடக்க அந்த உணர்வே மங்கிவிடும் என்பது உடலியல். எந்த உணவுமுறையும் கடைப்பிடிக்காமலே எங்களில் பலருக்கு இத்தொல்லை உண்டு. பேருந்து நிலையங்களிலும், பள்ளிகளிலும், கல்லூரிகளிலும் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிவறைகள் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமா? நூலகம் வேண்டும் என்று கேட்பதற்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை இதற்கும் உண்டு என்பதே என் கருத்து.

செய்ய வேண்டியவை

மாவுச்சத்தைக் குறைப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. தந்தைக்கு அதனால் நன்மையும் விளைந்தது. முறையாகச் செய்ய வேண்டும் என்பதே என் வாதம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றினால் இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடக் கூடும். என் தந்தைக்கு மாத்திரையின் அளவையே மருத்துவர் மாற்றினார்.

இரண்டாவதாக, சோறு குறைந்தாலும் அதன் சுற்றம் குறையக்கூடாது. முருங்கைக் கீரை, வெண்டை, கத்தரி, புடலை, முட்டைக்கோஸ் ஆகிய எல்லாம் மாவு குறைந்தவையே. தேங்காயும் நார்ச்சத்து மிக்கது. சிதம்பரத்தின் பெருமையான கொத்சு கத்தரிக்காயால் ஆனதுதானே! சம்பா சாதம் ஒரு கரண்டியாகக் குறையட்டும். கொத்சு ஏன் குறைய வேண்டும்?

மூன்றாவது, தண்ணீர். இசப்கோல் உமி நல்லதென்று சொல்லி அதைக் குறைந்த நீரில் விழுங்குவோர் உண்டு. நீரின்றி அது குடலில் கட்டியாகிச் சிக்கலைக் கூட்டும். நாளும் பேதி மருந்து உண்பதோ நீரையும் பொட்டாசியத்தையும் இழக்கச் செய்யும். நிலாவாரையானாலும், ஆமணக்கெண்ணெயானாலும் அது எப்போதோ ஒருநாளைக்கு உரியதே தவிர நாள்தோறும் உண்பதற்கன்று.

நான்காவது, நடையும் நேரமும். காலை உணவுக்குப் பின் பெருங்குடல் இயற்கையாகவே அசையும். அந்தப் பத்து நிமிடத்தை அதற்கென்று ஒதுக்க வேண்டும். மேல்நாட்டுக் கழிவறையில் அமர்பவர்கள் காலடியில் சிறு மணைப்பலகை வைத்துக்கொண்டால் குந்தி அமரும் பயன் ஓரளவு கிடைக்கும்.

இறுதியாக, இரத்தம் கண்டால், காரணமின்றி எடை குறைந்தால், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று வழக்கம் மாறினால், ஒருநாளும் தாமதிக்கலாகாது. என் தந்தைக்கு வந்தது வெறும் வெடிப்பு. அது வேறாக இருந்திருந்தால் அந்த இருபது நாள் மௌனத்துக்கு நாங்கள் என்ன விலை கொடுத்திருப்போம்? அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நடுங்குகிறது.

இப்போது தந்தையார் விடியற்காலையில் நான்கு தேர் வீதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். இலையில் கீரையும் காயும் நிறைய, சோறு கொஞ்சம். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் வந்ததும், "இன்னைக்குச் சிக்கல் இல்லம்மா" என்று தாமாகவே சொல்லிச் சிரிக்கிறார். முன்பெல்லாம் அப்படிச் சொல்லக் கூசியவர்.

நண்பர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாய் தந்தையரிடம் படிப்பையும் மதிப்பெண்ணையும் பற்றிப் பேசுவதோடு நிறுத்தாமல், "வயிறு எப்படி இருக்கிறது?" என்றும் ஒரு சொல் கேளுங்கள். அவர்கள் சிரிக்கட்டும், முகம் சுளிக்கட்டும். கேட்டுவிடுங்கள்!